கண்ணாடி காட்டாத கறை



ஜினாலயத்தில் நாம் காணும் அட்டமங்கலங்களுள் கண்ணாடியும் ஒன்று. முகம் திருத்த உதவும் இப்பொருளை நிறைகுடத்தோடும் சாமரையோடும் ஒருங்கே வைத்தது ஏன்? சமந்தபத்திர ஆசாரியர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தின் முதற் சுலோகத்திலேயே பகவானின் ஞானத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்டார். கண்ணாடியில் தீ தோன்றினும் அது சுடுவதில்லை. மலர் தோன்றினும் மணப்பதில்லை. அவ்வாறே விருப்பு வெறுப்பின்றி அனைத்தையும் உள்ளவாறு அறிவது கேவலஞானம்.

நம் வீட்டுக் கண்ணாடியின் பின்புறத்தில் மெல்லிய உலோகப் பூச்சு உண்டு. அங்கே ஈரம் புகுந்து கறுத்துவிட்டால், முன்புறத்தை எத்துணை முறை துடைத்தும் பயனில்லை. பித்தளை விளக்கின் களிம்போ புளியிட்டுத் தேய்த்தால் நீங்கும். உயிரைப் பற்றிய கன்மமும் அக்களிம்பைப் போன்றதே, முயன்றால் நீங்கும். ஆயின், தேய்க்க வேண்டிய இடத்தில் தேய்த்தல் வேண்டும்.

யாம் கண்டறிந்த ஒன்றைக் கூறுவோம். ஆசிரியப் பயிற்சிக் காலத்தில், கண்ணாடியின் முன் நின்று ஆடை திருத்திய பின்னரே வகுப்பிற்குச் செல்லப் பழகினோம். ஆசிரியையான பின்னும் அப்பழக்கம் தொடர்ந்தது. ஒருநாள் எம் பேனாவைக் காணாமல், ஒரு சிறுமியை ஐயுற்று வகுப்பின் முன் நிறுத்திக் கடிந்தோம். மாலையில் அது எம் மேசை இழுப்பறையிலேயே கிடைத்தது. அன்றும் கண்ணாடி முன் நின்றோம். புடவை மடிப்புக் கலையவில்லை. நெற்றித் திலகம் அழியவில்லை. எம் பிழையை அது காட்டவில்லை. மறுநாள் அச்சிறுமியிடம் உண்மையைக் கூறவிடாமல் மானகஷாயமாகிய செருக்குத் தடுத்தது.

பின்னர் 45 ஆண்டுகள், க்ஷமாவணி நாள்தோறும் எல்லோரிடமும் பொதுவாக மன்னிப்பு வேண்டினோம். அவளிடம் மட்டும் வேண்டவில்லை. சென்ற ஆண்டுதான் முகவரி தேடி மடல் எழுதினோம். இன்று பேரன் பேத்தி கண்டுவிட்ட அவள் விடை எழுதினாள்: "டீச்சர், மறுநாளே சொல்வீர்கள் என்று காத்திருந்தேன்."

அன்பர்களே, பொதுவாகக் கேட்கும் மன்னிப்பு கண்ணாடியின் முன்புறத்தைத் துடைப்பது. உரியவரிடம் சென்று கேட்பதே களிம்பைத் தேய்ப்பது. இன்றிரவு உறங்குமுன் கண்மூடி அமர்ந்து பிரதிக்கிரமணம் செய்வோம். அப்போது எவர் முகம் தோன்றுகிறதோ, அவரிடம் நாளையே செல்வோம். க்ஷமாவணி வரும்வரை காத்திருக்க வேண்டா.

ஜினதருமம் ஓங்குக!