மூட்டைக்குள் ஒரு படகு

உங்களிடம் ஒரு படகு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சிரிக்காதீர்கள். 'சின்னசேலத்துல இருக்கிறவனுக்கு எதுக்குங்க படகு?' என்பீர்கள். முன்பெல்லாம் படகு வைத்திருக்க ஆறோ கடலோ பக்கத்தில் இருக்க வேண்டும், கட்டிப்போட ஒரு கரை வேண்டும். இப்போது பீரோ மேல் கொஞ்சம் இடம் இருந்தால் போதும். காற்றடைக்கிற படகு, துடுப்பு, பம்ப் எல்லாம் ஒரே பையில் கூரியரில் வீட்டுக்கே வந்து இறங்குகிறது. கொஞ்ச நேரம் மூச்சு வாங்க பம்ப் அடித்தால் படகு ரெடி.

ஐடியா ஒன்றும் புதிதல்ல. காற்று நிரப்பிய ஆட்டுத்தோலைக் கட்டிப்பிடித்தபடி ஆற்றைக் கடக்கும் அசீரியச் சிப்பாய்களை 2,800 வருஷத்துக்கு முன்பே கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 1840-களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஒரு மேலங்கி செய்தார். போட்டுக்கொண்டால் கோட்டு, ஊதினால் படகு. கைத்தடி துடுப்பாகும், குடை பாயாகும்! நம்மூர் ஏரியில் லாரி ட்யூபில் உட்கார்ந்து வலை விரிக்கிறவர் ஹால்கெட்டைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஆனாலும் இரண்டு பேரும் ஒரே ஜாதி.

சரி, பையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவீர்கள்?

கல்வராயன் மலையில் பெய்யும் மழை கோமுகி ஆறாக இறங்கி வந்து, கச்சிராயபாளையம் பக்கத்தில் 46 அடி அணையில் நிற்கிறது. அது கீழே இருக்கிற வயல்களுக்காகச் சேர்த்து வைத்த தண்ணீர். மலை மேலே கரியாலூரில் படகு குழாம் இருக்கிறது. டிக்கெட் வாங்கி ஒரு ரவுண்டு வரலாம். ஆனால் சொந்தப் படகு வாங்கியவருக்கு அது போதாது. "அங்க ஒரே கூட்டம் சார், யாருமே போகாத இடமா பாத்துப் போவோம்" என்பார்.

யாருமே போகாத இடம். விவகாரம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரிய படகு போக ஆழம் வேண்டும். மோட்டார் சுற்றவும் ஆழம் வேண்டும். முழங்கால் தண்ணீரில், கோரையும் சம்பும் மண்டிய மூலைக்குள் அவை நுழைய முடியாது. காற்றுப் படகுக்கு முழங்கால் தண்ணீரே தாராளம். அதைத்தான் அதன் பெருமையாக விளம்பரத்தில் போடுகிறார்கள். அந்த மூலையில் யார் குடியிருக்கிறார்கள்? முக்குளிப்பான் என்று ஒரு குட்டிப் பறவை. தண்ணீரில் மிதக்கிற பாசி, தழைகளைச் சேர்த்துக் கூடு கட்டும். ஆள் அரவம் கேட்டால் முட்டைகளை அவசர அவசரமாகத் தழையால் மூடிவிட்டு முங்கிப் போய்விடும். நமக்கு அது கூடு என்றே தெரியாது, ஏதோ குப்பை. 'எவ்வளவு அமைதியா இருக்கு!' என்று அங்கேயே படகை நிறுத்தி, கட்டிக் கொண்டுபோன புளிசாதத்தைப் பிரிக்கிறோம். அரைமணி நேரம். பறவை திரும்ப வர முடியாமல் தூரத்தில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறது. முட்டைக்கு மேலே நம்மூர் வெயில்.

புகை விடவில்லை, டீசல் சிந்தவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. அப்புறம் என்ன தப்பு? இந்தக் கேள்வி என்னைக் கொஞ்ச நாளாகவே குடைகிறது. தீங்கு என்றால் புகையும் சத்தமுமாகத்தான் வரும் என்று நினைக்கப் பழகிவிட்டோம். இங்கே நாம் போய் நின்றதே தீங்கு. அந்த மூலையை இதுவரை எந்தச் சட்டமும் காப்பாற்றவில்லை, நம்மால் போக முடியாது என்பதுதான் காப்பாற்றியது. இப்போது போக முடியும். போக முடியும் என்பதாலேயே போகலாமா?

இன்னொன்று. மடித்த படகின் இடுக்கில் ஒரு துண்டு ஆகாயத்தாமரை ஒட்டிக்கொண்டு வரலாம். அடுத்த ஞாயிறு அடுத்த ஏரி. அந்தத் துண்டு அங்கே இறங்கும். தென் அமெரிக்காவில் பிறந்த இந்தச் செடியை பூ அழகாக இருக்கிறது என்றுதான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். அது வங்காளத்தின் ஆறுகளை அடைத்து, 1936-ல் தனியாகச் சட்டமே போட வைத்தது. கொண்டுவந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ரசனை உள்ளவர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

'அப்போ தண்ணியப் பக்கமே போகக்கூடாதா? பிள்ளைங்க டிவியே பாத்துட்டு இருக்கட்டுமா?' என்று நீங்கள் கேட்பது நியாயம். ஏரிக்குள் ஒரு தடவை இறங்கிய பிள்ளைதான் நாளைக்கு அந்த ஏரியில் குப்பை லாரி வந்து நின்றால் ஏன் என்று கேட்கும். கரையிலேயே நிற்க வைத்தால் அதற்கு ஏரி ஒரு காலி மனை.

ஆனால் கரையில் நின்றே ஒரு ஏரியைச் சொந்தமாக்கிக்கொண்ட ஊரும் இருக்கிறது. வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளுக்குப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியது 1798-ல். சுட வந்த வெள்ளைக்காரர்களைப் பற்றிக் கலெக்டரிடம் புகார் சொன்னவர்கள் ஊர்க்காரர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரியும். தீபாவளிக்கு வெடி கூட வேண்டாம் என்று இருப்பவர்கள். இதில் தியாகம் பாதி, கணக்குப் பாதி. நமக்கு அந்தக் கணக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போகிறவர்கள். அதனால் நாம்தான் கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

படகு வாங்கித்தான் தீருவேன் என்றால், ஏரியை மீன் குத்தகை எடுத்தவரிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வலை எங்கே கிடக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும். அணை என்றால் அதிகாரிகளின் அனுமதி இல்லாமல் இறங்காதீர்கள். நடுத் தண்ணீரிலேயே சுற்றுங்கள், கோரை பக்கம் வேண்டாம். லைஃப் ஜாக்கெட் போடாமல் பிள்ளையை ஏற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் படகைக் கழுவி, மொட்டைமாடியில் நன்றாகக் காய வைத்துவிட்டு மடியுங்கள். கிழிந்துபோனால் குப்பையோடு சேர்த்துக் கொளுத்தாதீர்கள். பிவிசி எரிகிற புகை உங்கள் தெருவுக்கே ஆகாது.

இவ்வளவு வேலையா என்று தோன்றுகிறதா? கரியாலூருக்கு பஸ் இருக்கிறது. அங்கே வாடகைப் படகு காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே தண்ணீரில்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. எந்த ஏரிக்கும் எதையும் எடுத்துக்கொண்டு போவதில்லை. பம்ப் அடிக்கவும் வேண்டாம்.