வாயில் வரை வந்த விருந்து

உலக மொழிகளுக்குத் தமிழ் வழங்கிய சொற்களுள் நாம் பெருமையுடன் எண்ணுபவை உண்டு. கட்டுமரம் அவற்றுள் ஒன்று. பெருமை கொள்ள இயலாத ஒன்றும் உண்டு. பறை முழக்கிய மக்களின் பெயர் போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்று, ஆங்கிலத்தில் 'பரையா' என்றாகி, 'ஊரால் ஒதுக்கப்பட்டவர்' என்னும் பொருளில் அகராதி ஏறிற்று. நம் சமூகம் ஒரு மக்கட் கூட்டத்துக்கு இழைத்த தீங்கை அச்சொல் கடல் கடந்தும் சுமந்து திரிகிறது. 2007-ஆம் ஆண்டில், டீ ரீஸ் என்னும் கறுப்பினப் பெண் இயக்குநர் நியூயார்க்கில் மாணவியாக இருந்தபோது எடுத்த குறும்படத்துக்கு அச்சொல்லையே பெயராக இட்டார். 2011-இல் அது முழுநீளப் படமாக விரிந்தது.

அலீக்கே என்னும் 17 வயதுப் பெண்ணின் கதை அது. அவள் உள்ளம் பெண்களையே நாடுகிறது. தோழியருடன் இருக்கும்போது தளர்ந்த சட்டையும் தொப்பியும் அணிகிறாள். வீடு திரும்பும் பேருந்திலேயே அவற்றைக் களைந்து, தாய்க்கு உவப்பான கோலம் பூணுகிறாள். தந்தை அறிந்தும் அறியாதவர் போல் இருக்கிறார். இறைப்பற்று மிக்க தாயோ அவளைத் திருத்திவிட முனைகிறாள். அத்தாய் கொடியவள் அல்லள். மகளுக்கு ஆசையுடன் புத்தாடை வாங்கி வருபவள். மகள் கெட்டுவிடக் கூடாதே என்று கவலைப்படுபவள். முழுநீளப் படத்தில் அந்த அன்பே ஓர் இரவில் அடியாக விழுகிறது. மகள் வீட்டை விட்டுப் படிப்பை நாடித் தொலைவிலுள்ள கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறாள்.

பேருந்தில் கோலம் மாற்றும் அக்காட்சி எல்லைப்புறத் தமிழர்க்கு முற்றிலும் அயலாகத் தோன்றாது. வண்டிப்பெரியாற்றிலும் கொழிஞ்சாம்பாறையிலும் நம் பிள்ளைகள் பலர் வீட்டுப் படி இறங்குகையில் தமிழைக் கழற்றி வைத்து மலையாளத்தை அணிகிறார்கள். மாலையில் மறுபடி மாற்றிக்கொள்கிறார்கள். ஆயினும் இவ்வொப்புமையை நெடுந்தொலைவு இழுத்தல் தகாது. எம்மொழியில் பேசினும் நம் பிள்ளைக்கு வீட்டில் சோறு உண்டு. அலீக்கே தன் மறைந்த முகத்தைக் காட்டிய அன்று அவளுக்கு வீடே இல்லாமற் போயிற்று.

அமெரிக்கக் கறுப்பர் வீட்டுக் கதை நமக்கெதற்கு என்பார் உளர். அவர்கட்கு, 2025 பிப்ரவரியில் திரைக்கு வந்த 'காதல் என்பது பொதுவுடைமை' என்னும் தமிழ்ப் படத்தைச் சுட்டுவோம். ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணன் இயக்கியது. மகளாக நடித்த லிஜோமோள் ஜோஸ் நம் இடுக்கி மாவட்டத்துப் பீர்மேட்டில் பிறந்தவர். 'ஜெய் பீம்' படத்தில் செங்கேணியாக வந்து நம்மைக் கலங்கச் செய்தவர். தாயாக ரோகிணி. மகள் காதலிக்கிறாள் என்று அறிந்த தாய் சினம் கொள்ளவில்லை. காதலரை வீட்டுக்கு விருந்துண்ண அழைத்துவரச் சொல்கிறாள். தன்னை முற்போக்கானவள் என்று எண்ணி வாழ்பவள் அவள். வந்த காதலர் ஒரு பெண் என்று தெரிந்ததும் அவ்வெண்ணம் ஆட்டம் காண்கிறது. (பொதுவுடைமை என்னும் சொல்லைத் தோட்டத் தொழிற்சங்க மேடைகளில் கேட்டு எத்தனை முறை கைதட்டியிருக்கிறோம்! அது நம் வீட்டுச் சமையலறை வரை வருமென்று எண்ணினோமா?)

விருந்தோம்பலுக்குத் திருக்குறள் தனி அதிகாரமே வகுத்தது. அழைத்தவள் தாய், வந்தவள் அழைக்கப்பட்டவளே. அவளைப் பற்றித் தாய் வரைந்து வைத்திருந்த படம் ஒன்றுதான் பொய்த்தது. அதற்காக இலையை எடுத்துவிடலாமா? நம் கொள்கை என்று நாம் சொல்லிக்கொள்வது, அதற்கு நம்மிடமே விலை கேட்கப்படும் நாளிலும் கொள்கையாக நிற்குமா?

பெற்றோர் கொள்ளும் அச்சம் பொய்யன்று. பிழைப்புத் தேடி வந்த குடிகளுக்கு உற்றார் சிலரே. மணவுறவைக் கம்பத்திலும் தேனியிலும் பொள்ளாச்சியிலும் தேட வேண்டியிருக்கிறது. மூத்தவளைப் பற்றி எழும் ஒரு பேச்சு இளையவளின் மணத்தைத் தடுத்துவிடும். இக்கணக்கை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் குடும்ப மானத்தின் முழு விலையையும் ஒருத்தியின் வாழ்விலிருந்தே எடுத்துக்கொடுக்கச் சொல்கிறதே இக்கணக்கு, அது நேர்மையா? அவளை வற்புறுத்தி ஓர் ஆடவனுக்கு மணமுடித்தால், ஒன்றும் அறியாத அவனும் விலை கொடுக்கிறான். அவன் செய்த குற்றம் யாது? மறைப்பை ஒழுக்கம் என்று அழைப்போர் இதற்கு விடை கூறல் வேண்டும்.

வயது வந்த இருவரின் இசைந்த உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்தது. இத்தகையோர்க்குத் திருமண உரிமை வழங்க 2023 அக்டோபரில் அம்மன்றம் இசையவில்லை. எனினும் மணம் ஒன்றே குடும்பம் அமைக்கும் வழியன்று என்று சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில் கூறியது.

தீர்ப்புகளைக் காட்டிலும் ஒரு நீதிபதி நடந்துகொண்ட முறையே நம் உள்ளத்தில் நிற்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்பு வேண்டிய இரு பெண்களின் வழக்கு 2021-இல் அதே உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் முன் வந்தது. இவ்வுறவைப் பற்றித் தமக்கு முழுத் தெளிவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பெண்களையும் பெற்றோரையும் உளநல ஆலோசனைக்கு அனுப்பியதோடு நில்லாமல், தாமே உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்தார். அதன்பின்னரே, ஜூன் 7 அன்று, இத்தகையோரைக் காவலர் துன்புறுத்தலாகாது என்றும், அவர்தம் இயல்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வது தடை செய்யப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டார். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் கையில் இருந்தும் முதலில் கேட்க அமர்ந்தார். தாய் தந்தையர் கையிலும் அத்தகைய அதிகாரம் ஒன்று இருக்கிறதன்றோ?

நம் தோட்டத்து லயங்களில் வீட்டுக்கு வீடு ஒரு சுவரே இடைவெளி. இருமினாலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அங்கே ஒரு மகள் தன் நெஞ்சில் உள்ளதைத் தாயிடம் சொல்ல நேர்ந்தால், இரவு உணவுக்குப் பின், அடுப்படியில், தாழ்ந்த குரலில்தான் சொல்லியிருப்பாள். எத்தனை நாள் அக்குரலைப் பழகிப் பார்த்தாளோ! தாயின் விடையும் அதே தாழ்ந்த குரலில் வருமா, சுவரைக் கடந்து கேட்குமா என்பதற்காக அவள் காத்திருப்பாள்.