குடுவைக்குள் வளரும் கடன்

ஒரு செடியைக் காட்டிலிருந்து பறிக்காமலே பெருக்க முடியும் என்றால், காட்டுக்காரர்களுக்கு நாம் எதுவும் கொடுக்க வேண்டியதில்லையா? ஆரோக்கியப்பச்சையை வைத்துக்கொண்டு இதை யோசித்துப் பார்க்கலாம்.

1987இல் தாவர ஆய்வாளர்கள் சிலர், காணி இனத்தவரை வழிகாட்டிகளாக வைத்துக்கொண்டு அகத்தியமலை ஏறினார்கள். ஆய்வாளர்களுக்கு மூச்சு வாங்குகிறது. காணிகளோ ஏதோ ஒரு காயை மென்றபடி அலுக்காமல் நடக்கிறார்கள். என்னது அது என்று கேட்டால் லேசில் சொல்லவில்லை, வற்புறுத்திய பிறகுதான் காட்டினார்கள். அதன் இலையோடு அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி சேர்த்து, திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் மருந்து நிறுவனம் ஒன்று பத்து லட்சம் ரூபாய்க்கு உரிமம் வாங்கியது. உரிமத்தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிகளுக்கு. அதைக் கையாள 1997இல் ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகமே முன்மாதிரி என்று கொண்டாடிய ஏற்பாடு இது.

மருந்துக்கு இலை வேண்டும், இலைக்குக் காடு வேண்டும். காட்டில் பறிக்க வனத்துறை தடை. அங்கேதான் திசுவளர்ப்பு வருகிறது. தண்டின் நுனியைத் துளியூண்டு வெட்டி, கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புகளும் ஹார்மோன்களும் கலந்த அகார் கூழில் நட்டால் ஒரே நுனியிலிருந்து கொத்துக் கொத்தாகத் தளிர் கிளம்பும். வேர் பிடிக்கவைத்து, மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்கினால் நாற்று தயார்.

ஆனால் செடி வந்துவிட்டால் மருந்தும் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. நாம் மருந்து என்று சொல்லும் சேர்மங்கள் பலவற்றையும் செடி நமக்காகத் தயாரிப்பதில்லை. பூச்சி, பூஞ்சை, வெயில் எல்லாவற்றையும் சமாளிக்க அது வைத்திருக்கும் ஆயுதங்கள் அவை. குடுவைக்குள் எதிரியே கிடையாது, சர்க்கரை இலவசம். அதனால் பல செடிகள் அங்கே அந்தச் சேர்மங்களைக் குறைவாகவே செய்கின்றன. அதற்கு ஆய்வகத்தில் ஒரு தந்திரம் உண்டு: ஜாஸ்மோனிக் அமிலமோ கைட்டோசானோ கொஞ்சம் சேர்ப்பார்கள். யாரோ கடிக்கிறார்கள் என்று செடி நம்பிவிடும். காட்டை நகலெடுக்கக் காட்டின் ஆபத்தையும் நகலெடுக்க வேண்டியிருக்கிறது.

இதுவும் கைகூடிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். "இனி உங்கள் காட்டிலிருந்து ஒரு இலைகூட எடுக்கவில்லையே, அப்புறம் எதற்குப் பங்கு?" என்று ஒரு நிறுவனம் கேட்கலாம். அது வெட்டி வாதம் இல்லை. 2023இல் திருத்தப்பட்ட பல்லுயிர்ச் சட்டமே பயிரிடப்பட்ட மூலிகைகளுக்குச் சில நிபந்தனைகளோடு விலக்கு தருகிறது. காட்டைச் சுரண்டாதவனுக்குச் சலுகை என்பது நியாயமாகத்தான் தெரிகிறது.

என் பதில் இதுதான்: காணிகள் கொடுத்தது இலையை அல்ல, சுட்டுவிரலை. அந்த மலையில் ஆயிரக்கணக்கான செடிகள் இருக்கின்றன. அதில் 'இது' என்று காட்ட எத்தனை தலைமுறை தின்று பார்த்திருக்கும், எத்தனை பேருக்கு வயிறு கெட்டிருக்கும்! குடுவையால் இலையைப் பெருக்க முடியும், அந்தத் தேர்வைப் பெருக்க முடியாது. ஒவ்வொரு நகலுக்குள்ளும் அது ஏற்கெனவே இருக்கிறது.

சரி, கடன் யாருக்கு? சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர். அந்த அறிவோ ஒரு இனத்தினுடையது. காணிகளின் வைத்தியர்களான பிளாத்திகளில் சிலர் இதை விற்கவே கூடாது என்று எதிர்த்தார்கள். விற்க விரும்பாதவருக்குப் பாதிப் பங்கு நீட்டுவது நீதியா, வாயடைப்பா? பணத்தால் தீராத பகுதி ஒன்று இங்கே இருக்கிறது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை அது. ஒப்பந்தம் போடும்போது அதைக் கேட்டிருக்க வேண்டும். குடுவையில் செடி முளைத்த பிறகு கேட்டால், அந்தக் கேள்விக்கு அர்த்தமே இல்லை.

ஆய்வகம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காட்டைப் பிடுங்காமல் மருந்து கிடைப்பது நல்லதுதான். ஆனால் காட்டுக்குப் பட்ட கடனும் காட்டியவருக்குப் பட்ட கடனும் வேறு வேறு. முதல் கடனைத் திசுவளர்ப்பு குறைக்கும். இரண்டாவதை அது கண்ணுக்குத் தெரியாமல் செய்துவிடும், அவ்வளவுதான்.