புகழும் பார்வையும்

பாரிஸ் மாநகரின் லூவர் நூதனசாலைக்குச் செல்வோரிற் பெரும்பாலார் தேடுவது லியொனார்டோ டா வின்சியின் மோனா லிசா ஓவியத்தையே. அது ஏறத்தாழ 77 சென்ரிமீற்றர் உயரமும் 53 சென்ரிமீற்றர் அகலமுமே உடையது. காப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உள்ள அதனைப் பிறர் தலைகளுக்கு மேலாக ஒரு கணம் கண்டு, படமெடுத்துத் திரும்புவோர் பலர் 'இவ்வளவுதானா?' என ஏமாற்றமடைகின்றனர். இவ்வேமாற்றத்துக்குக் காரணம் ஓவியமா, அதன் புகழா, காண்பவரின் கண்ணா?

1911 ஓகஸ்ற் மாதத்தில் இவ்வோவியம் களவாடப்பட்டது. 1913 டிசம்பரில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மீட்கப்பட்டது. அது காணாமற்போனபின் அது தொங்கிய வெற்றுச் சுவரைக் காண்பதற்கும் மக்கள் திரண்டனர். அவர்கள் காணச் சென்றது யாது? புகழையே அன்றோ! புகழைக் காணச் சென்றவனுக்குப் பொருள் என்றும் சிறிதாகவே தோன்றும்.

'மிகையாகப் புகழப்பட்டது' என்னும் தீர்ப்பு, கூட்டத்தினின்றும் விடுபட்ட ஒருவனின் தீர்ப்புப் போலத் தோன்றலாம். ஆயினும், நின்று நோக்காதவன் கூறும் இகழ்ச்சியும் இரவலே. அவன் ஓவியத்தை அளந்த கோல் பிறர் தந்த புகழ்தான்.

கூட்டம் அவனை நிற்கவிடுவதில்லை என்பது உண்மையே. ஆயின், அதே மண்டபத்தின் எதிர்ச்சுவரில் வெரோனேசே தீட்டிய 'கானாவூர்த் திருமணம்' ஏறத்தாழ 10 மீற்றர் அகலத்தில் விரிந்துள்ளது. அதன்முன் நிற்க இடமுண்டு. பலரோ அதற்கு முதுகையே காட்டுகின்றனர். தன் கண்ணாற் கண்டறியும் உழைப்பை ஏற்காதவனுக்கு எந்த நகரமும் எதனையும் காட்டுதல் இயலாது.