இரவல் தொப்பியும் உண்மை முகமும்

தென்பெண்ணையாற்றங்கரையில் உள்ள மணலூர்பேட்டையாயினும், தமிழகத்தின் வேறெந்த ஊராயினும், பழைய வீடுகள் சிலவற்றின் கூடத்துச் சுவரில் மங்கிப்போன குடும்பப் படங்கள் தொங்கக் காண்கிறோம். அவற்றுள் சிலவற்றில் பாட்டனாரோ கொள்ளுத்தாத்தாவோ தலையில் துரைத் தொப்பி அணிந்து, கழுத்துவரை பொத்தானிட்ட கோட்டுடன் விறைப்பாக நிற்பார். ஆயுள் முழுவதும் துண்டையன்றி வேறெதையும் தலையில் கட்டியறியாதவர் அவர் என்பதைக் குடும்பத்தார் அறிவர். பேரப்பிள்ளைகள் படத்தைப் பார்த்துச் சிரிக்கின்றனர். "ஏர் பிடித்தவருக்குத் துரைத் தொப்பி எதற்கு?" என்று கேட்கின்றனர். சிரிப்பில் குற்றமில்லை. ஆயினும் அக்கேள்விக்குள் கனமான வேறொரு கேள்வி அடங்கியிருக்கிறது. தான் அல்லாத ஒருவராகத் தன்னைக் காட்டிக்கொண்ட அம்மனிதர் பொய் சொன்னாரா?

முதலில் அத்தொப்பி எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். பெரும்பாலும் அது ஸ்டூடியோவின் உடைமை. சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் புகைப்படம் எடுப்பதென்பது வாழ்நாளில் ஓரிரு முறையே வாய்க்கும் செலவுமிக்க நிகழ்ச்சி. திரைச்சீலையில் மாளிகையும் பூந்தோட்டமும் எழுதப்பட்டிருக்கும். கோட்டும் தொப்பியும் கைத்தடியும் கைக்கடிகாரமும் அங்கேயே இருக்கும்; வேண்டியவர் அணிந்துகொள்ளலாம். மணலூர்பேட்டையில் தை மாதம் ஐந்தாம் நாள் நடைபெறுவது போன்ற ஆற்றுத் திருவிழாக்களிலும் தேர்த் திருவிழாக்களிலும் கூடாரமடித்துப் படமெடுத்தவர்களும் இந்த வழக்கத்தைத் தொடர்ந்தனர். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் பலர் தலைக்கு மாறி மாறிச் சென்றன.

அந்தத் துரைத் தொப்பியின் வரலாறே வியப்பானது. குளங்களிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் நெட்டி என்னும் செடியின் வெண்ணிறத் தண்டினால் அது செய்யப்பட்டது. நெட்டி எடையற்றது, வெயிலின் வெப்பத்தை உள்ளே விடாதது. நம் வெயிலுக்கு அஞ்சிய வெள்ளையர் அதைத் தலைக்குக் கவசமாக்கினர். தஞ்சைப் பகுதியில் மாட்டுப் பொங்கலன்று மாடுகளின் கழுத்தில் மாலையாக விழுவதும் அதே நெட்டிதான். நம் குளத்துச் செடி அதிகாரத்தின் அடையாளமாகித் துரையின் தலையில் ஏறிற்று. பின்னர் ஸ்டூடியோவில் ஒரு நிமிடம் நம்மவர் தலைக்கு இரவலாக வந்தது.

'ஆள்வோரைப் போல் வேடமிடுவது அடிமை மனம் அன்றோ?' என்பார் உளர். இக்கருத்தைப் புறந்தள்ள இயலாது. 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தியடிகள் மேலாடையோடு தொப்பியையும் துறந்து, ஏழை உழவனைப் போல் முழங்கால் அளவு ஆடையை ஏற்றார். அது உயர்ந்த செயல். ஆனால் துறப்பதற்கு முதலில் இருக்க வேண்டும். இலண்டனில் சட்டம் பயின்றவர் கோட்டைக் களைவதும், கோட்டே அணியலாகாது என்று தடுக்கப்பட்டவர் அதை அணிவதும் ஒரே அளவுகோலால் அளக்கத்தக்கவை அல்ல.

தடை என்று நாம் கூறுவது மிகையன்று. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடருக்கு எட்டுத் தடைகளை விதித்தனர். ஆண்கள் சட்டையோ பனியனோ அணியலாகாது, தலைமயிரைக் கத்தரித்துக்கொள்ளலாகாது, குடை பிடிக்கலாகாது, செருப்பு அணியலாகாது, பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது என்று அத்தடைகள் நீண்டன. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. இத்தகைய தெருவிலிருந்து தப்பி நகரத்துக்கு வந்த ஒருவர் ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் கோட்டும் தொப்பியும் அணிந்து நிமிர்ந்து நின்றால், அதை வேடம் என்று சொல்ல நமக்கு நாக்கு எழுமா? அண்ணல் அம்பேத்கர் தம் வாழ்நாளில் பெரும்பாலும் கோட்டும் சூட்டுமாகவே தோன்றியதன் பொருளும் இங்கே நமக்கு விளங்குகிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அதே காலத்தில் நம் மக்களை வேறொரு விதமாகவும் படமெடுத்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் ஊர் ஊராகச் சென்று மனிதரின் தலை நீளத்தையும் மூக்கின் அகலத்தையும் கருவி கொண்டு அளந்தார். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூலில் இடம்பெற்ற முகங்கள் பல. அவற்றின் கீழே ஆளின் பெயரைக் காண்பது அரிது. சாதியின் பெயரே நிற்கும். எப்படித் தோன்ற விரும்புகிறாய் என்று அவர்களை யார் கேட்டார்? ஸ்டூடியோவிலோ, காசு கொடுத்தவர் தாமே தம் தோற்றத்தைத் தெரிந்துகொண்டார். அளக்கப்பட்ட தலைக்கும் தொப்பியணிந்த தலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

எனவே, அம்மனிதர் பொய் சொல்லவில்லை என்றே நாம் கருதுகிறோம். பொய் என்பது பிறரை ஏமாற்றி ஒன்றைப் பறிப்பது. இரவல் தொப்பி எவரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. 'நானும் மதிக்கப்பட வேண்டியவன்' என்ற ஏக்கத்தையே அது தெரிவித்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர் தொப்பியணிந்த படத்தை ஊருக்கு அனுப்பியபோது, தம் துயரத்தை மறைத்தார் என்பது மெய். ஆனால் தாய் கலங்கக் கூடாதென்று மறைத்தவரை வஞ்சகர் என்போமா?

பொய் நுழையும் இடம் வேறு. பேரன்மாராகிய நாம் அப்படத்தைச் சுட்டிக்காட்டி, "எங்கள் தாத்தா துரைமாருக்குச் சமமாக வாழ்ந்தவர்" என்று பெருமை பேசும்போது அது பிறக்கிறது. அவர் சுமந்த மூட்டையும் பட்ட கடனும் நமக்கு வெட்கமாகின்றன. அவர் ஒரு நிமிடம் அணிந்த தொப்பியை நாம் நூறாண்டுக்கு அணிந்துகொள்கிறோம். அதைவிட, அவருடைய உழைப்பால் வந்த சட்டையை நாம் அணிந்துகொண்டு, இன்றும் வேறொருவன் தன் முன் துண்டை இடுப்பில் கட்டிக் குனிய வேண்டும் என்று எதிர்பார்ப்போமாயின், அப்படத்துக்கு நாம் செய்யும் இழிவு வேறில்லை.

படமே இல்லாத பெரியோரையும் மறக்கலாகாது. அடுப்படியிலேயே வாழ்ந்து முடிந்த பாட்டியர் எத்தனை பேர்! நமக்கு மேற்கே கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. அங்கே கூலியின்றி உழைத்த மலைவாழ் மக்களுக்கு எந்த ஸ்டூடியோ தொப்பி இரவல் தந்தது? சுவரில் படம் இல்லை என்பதனால் மதிப்பும் இல்லை என்று ஆகிவிடாது.

இன்று கணினி பழைய படத்துக்கு வண்ணம் பூசுகிறது, சுருக்கங்களை நீக்குகிறது, வேறு உடையும் மாட்டுகிறது. வசதிதான், ஆனால் அவர் தெரிந்துகொண்ட கோலத்தை மாற்ற நமக்கு உரிமை உண்டா என்று எண்ணிச் செய்வது நன்று. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியுடன் தமிழகத்தின் பழைய ஸ்டூடியோப் படங்களை உள்ளவாறே மின்னுருவாக்கிக் காத்துள்ளது. வீட்டளவில் நாம் செய்யக்கூடியது எளிது. மூத்தோர் உயிருடன் இருக்கும்போதே படத்தில் இருப்பவர் யார், என்ன வேலை செய்தார், எந்த ஊரில் எடுத்தது என்று கேட்டு எழுதி வைப்போம். தொப்பி இரவல் என்றால் இரவல் என்றே எழுதுவோம். கூலி வேலை என்றால் கூலி வேலை என்றே எழுதுவோம். அவர் விரும்பிய மதிப்பையும் அவர் வாழ்ந்த வாழ்வையும் சேர்த்து நம் பிள்ளைகள் அறியட்டும்.