நெருப்பின் விலை யார் தலையில்?

2024 மார்ச்சில் கலிபோர்னியாவின் மிகப் பெரிய வீட்டுக் காப்பீட்டு நிறுவனமான ஸ்டேட் ஃபார்ம், அம்மாநிலத்தில் ஏறத்தாழ 72,000 பாலிசிகளைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று அறிவித்தது. முந்தைய ஆண்டு மே மாதத்திலேயே புதிய விண்ணப்பங்களை வாங்குவதை அது நிறுத்தியிருந்தது. சட்டப்படி இதில் தவறில்லை. பாலிசி என்பது குறித்த காலத்துக்கான ஒப்பந்தம். காலம் முடிந்தால் இரு தரப்பும் விலகிக்கொள்ளலாம். ஆனால் பல ஆண்டுகளாகத் தவறாமல் பிரீமியம் கட்டி, ஒருமுறைகூட இழப்பீடு கேட்காத ஒருவரை, சுற்றியுள்ள மலைக்காடு காய்ந்து ஆபத்து நெருங்கும் வேளையில் கைவிடுவது அறமா? சட்டம் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அதனாலேயே மற்றவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

நிறுவனங்களின் தரப்பையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். 1988 நவம்பரில் கலிபோர்னிய வாக்காளர்கள் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேற்றிய 103ஆம் முன்மொழிவின்படி, காப்பீட்டு ஆணையரின் முன் அனுமதி இல்லாமல் கட்டணத்தை உயர்த்த முடியாது. பேரிடர் செலவைக் கணக்கிட, கடந்த 20 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேற்பட்ட காலத்து இழப்புகளின் சராசரியைத்தான் காட்ட வேண்டும் என்று விதிகள் கூறின. நேற்றைய காடும் நாளைய காடும் ஒன்றாக இருக்கும் வரை இது நியாயமான ஏற்பாடு. 2018 நவம்பரில் பாரடைஸ் என்ற ஊர் காட்டுத்தீயில் அழிந்தபோது அந்த நம்பிக்கையும் அழிந்தது. 85 பேர் இறந்தனர், 18,000க்கும் மேற்பட்ட கட்டடங்கள் எரிந்தன. மெர்செட் என்ற சிறிய காப்பீட்டு நிறுவனம் அந்த ஒரே தீயில் திவாலானது. பாலிசிதாரருக்குக் கொடுக்கப் பணமே இல்லாத நிறுவனம் குறைந்த கட்டணம் வாங்கி என்ன பயன்?

2024 டிசம்பரில் காப்பீட்டு ஆணையர் ரிக்கார்டோ லாரா கொண்டுவந்த விதிகள் இந்தக் கணக்கை மாற்றின. வரப்போகும் ஆபத்தைக் கணினி மாதிரிகளால் மதிப்பிட்டுக் கட்டணம் கேட்கலாம். நிறுவனங்கள் தமக்கே எடுத்துக்கொள்ளும் காப்பீடான மறுகாப்பீட்டின் செலவையும் அதில் சேர்க்கலாம். அதற்கு ஈடாக, மாநிலச் சந்தையில் தன் பங்கு எவ்வளவோ அதில் 85 விழுக்காட்டுக்குக் குறையாமல், தீ அபாயம் மிகுந்த பகுதிகளிலும் ஒரு பெரிய நிறுவனம் பாலிசி தர வேண்டும். மாநில அளவில் 10 விழுக்காடு வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அங்கே 8.5 விழுக்காடு. அதையும் ஒரே நாளில் எட்ட வேண்டியதில்லை, படிப்படியாக எட்டினால் போதும். விலையை உயர்த்தும் உரிமை முதலில் கைக்கு வருகிறது, கடமை மெல்லப் பின்தொடர்கிறது. இந்த வரிசை எனக்கு உறுத்துகிறது.

உண்மை விலையைச் சொல்வது நல்லதே. மலிவான பிரீமியம் பல ஆண்டுகளாக ஒரு பொய்யைச் சொல்லிவந்தது: "இங்கே வீடு கட்டலாம், பயமில்லை." அந்தப் பொய்யில் பலருக்குப் பங்கு உண்டு. காட்டோரத்தில் மனை பிரித்தவர்களும், அதற்கு ஒப்புதல் கொடுத்துச் சொத்துவரி வாங்கிய உள்ளாட்சிகளும், கடன் கொடுத்த வங்கிகளும், அன்று ஆவலோடு பாலிசி விற்ற நிறுவனங்களும் அதில் அடக்கம். இன்று உண்மை விலை வரும்போது பில் மட்டும் வீட்டுக்காரர் ஒருவர் பெயருக்கே போகிறது.

"ஆபத்தான இடத்தை அவர்களே தேர்ந்தார்கள், அவர்களே சுமக்கட்டும்" என்ற வாதம் இங்குதான் தடுமாறுகிறது. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் ஈட்டன் தீ விழுங்கிய ஆல்டடீனாவை எண்ணிப் பார்க்கலாம். கறுப்பினத்தவருக்குப் பல வட்டாரங்களில் வீடோ கடனோ கிடைக்காத காலத்தில், அவர்கள் வாங்க முடிந்த சில இடங்களுள் அதுவும் ஒன்று. பெற்றோர் வாங்கிய வீட்டில் பிள்ளைகள் முதுமை அடைந்தார்கள். அதைத் தேர்வு என்று அழைத்து முழுச் சுமையையும் அவர்கள்மேல் ஏற்றுவது, ஒரு பழைய அநீதிக்கு வட்டி வசூலிப்பதாகும்.

அப்படியானால் எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டுமா? ஓரளவு அது நடக்கவே செய்கிறது. வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களின் கடைசிப் புகலாக 1968இல் 'ஃபேர் பிளான்' உருவாக்கப்பட்டது. அது அரசுப் பணத்தில் நடப்பதல்ல; மாநிலத்தில் தொழில் செய்யும் நிறுவனங்களின் கூட்டமைப்பு. லாஸ் ஏஞ்சலஸ் தீக்குப் பின், 2025 பிப்ரவரியில், அது அந்நிறுவனங்களிடம் 100 கோடி டாலர் கேட்டது. அதில் பாதிவரை அவை தங்கள் பாலிசிதாரரிடம் கூடுதல் கட்டணமாக வாங்கிக்கொள்ள, ஆணையரின் ஒப்புதலோடு, புதிய விதிகள் இடம் தருகின்றன. ஆக, காட்டைப் பார்த்தே அறியாத சமவெளி ஊர்க்காரரும் கடலைப் பார்த்த மாளிகைக்குக் கொடுக்கிறார். ஆல்டடீனாவின் மூதாட்டிக்கும் கொடுக்கிறார். இரண்டாவதை மனமுவந்து தருபவருக்கு முதலாவதைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை உண்டு. பகிர்வு அறமாவது, பெறுபவரும் தம்மால் இயன்றதைச் செய்யும்போதுதான்.

2022இல் வந்த ஒரு விதி இந்தத் திசையில்தான் போனது. தீப்பிடிக்காத கூரை, தீப்பொறி நுழையாத காற்றுத்துளை வலை, வீட்டைச் சுற்றி ஐந்தடிக்கு எரியும் பொருள் இல்லாத வெளி போன்றவற்றைச் செய்தவருக்குக் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும். வீட்டுக்கு நிறுவனம் இட்ட அபாய மதிப்பெண்ணை வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். அவர் அதை எதிர்த்து முறையிடலாம். நல்ல விதி. ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: எல்லாவற்றையும் செய்து முடித்தவருக்கும் நிறுவனம் பாலிசி மறுக்கலாம். பாலிசியே இல்லாதவருக்குத் தள்ளுபடி எதற்கு? சேமிப்பைக் கரைத்துக் கூரை மாற்றியவருக்கு மறுப்புக் கடிதம் போவது, உழைப்பு வீண் என்று ஊருக்கே கற்பிக்கிறது. அடுத்த வீட்டுக்காரர் ஏன் வேலியை மாற்றப் போகிறார்?

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் மறுமொழி வலுவானது. பெருங்காற்றில் தீ வீட்டிலிருந்து வீட்டுக்குத் தாவுகிறது. ஒருவர் செய்த காப்பு, பக்கத்து வீட்டின் உலர்ந்த புதரால் பயனற்றுப் போகலாம். இது உண்மை. ஆனால் இந்த உண்மை அவர்கள் விரும்பும் முடிவுக்கு இட்டுச்செல்லவில்லை. ஆபத்து தெருவுக்கே பொதுவானது என்றால், தனி வீட்டுக்காரரைத் தண்டிப்பது இன்னும் பெரிய தவறு. எந்த வேலையை முடித்தால் பாலிசி கிடைக்கும் என்பதை நிறுவனம் தெருவுக்கே எழுத்தில் சொல்லட்டும். அது முடிந்தபின் மறுக்கும் உரிமையை விட்டுக்கொடுக்கட்டும். கூரை மாற்ற வசதியில்லாத முதியவரின் பங்கை, மாநிலம் முழுதும் தீக்குப் பின் வசூலிக்கும் கூடுதல் கட்டணத்தைப் போலவே, தீக்கு முன் வசூலிக்கும் ஒரு சிறு கட்டணத்திலிருந்து கொடுக்கலாம்.