மேடைக்கடியில் இருந்த மூட்டை

தம்பி,

நேற்றுச் சாயங்காலம் உன் குவார்ட்டர்ஸ் அடுக்களையில், மேடைக்கடியிலிருந்து நான் இழுத்து வெளியே போட்ட துணிமூட்டையை நினைத்து ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. "எண்ணெய்த் துணிதானே பெரியப்பா, காலையில் குப்பை வண்டியில் போட்டுவிடலாம்னு வச்சேன்" என்றாய். உள்ளே கையை விட்டேன், சூடாக இருந்தது. வெயில் படாத மூலை, அடுப்பும் எரியவில்லை. பிறகு அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? நீ கேட்கவில்லை, சிரித்தாய். இன்றைக்கு அடுக்களை அலமாரிப் பலகைக்கு மறுபடி ஸ்டெயின் அடிக்கப்போகிறாய் என்பதால் விடியுமுன் உட்கார்ந்து எழுதுகிறேன். டப்பாவைத் திறக்குமுன் இதைப் படி.

நீ நெய்வேலியில் பிறந்து வளர்ந்தவன். யாரும் தீ வைக்காமலே பழுப்பு நிலக்கரிக் குவியல் தானாகப் புகையும் என்று உனக்குத் தெரியும். 1961இல் முதன்முதலாகக் கரி கண்ணில் பட்ட நாளிலிருந்து இந்த ஊர் அதோடுதான் மல்லுக்கட்டுகிறது. கரி காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடிக்கும், பிடிக்கும்போது சூடு விடும். பரந்து கிடந்தால் சூடு காற்றோடு போய்விடும். குவிந்து கிடந்தால் போக வழியில்லாமல் உள்ளேயே ஏறி, ஒரு கட்டத்தில் பற்றிக்கொள்ளும். அதனால்தான் குவியலை டோசர் விட்டு அழுத்துவதும், தண்ணீர் அடிப்பதும், பழைய கரியை முதலில் எடுப்பதும். உன் மூட்டைக்குள்ளும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

நீ வாங்கிய ஸ்டெயினில் இருப்பது லின்சீட் ஆயில், அதாவது ஆளிவிதை எண்ணெய். நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் எத்தனை நாளானாலும் பிசுக்காகவே கிடக்கும். ஆளி எண்ணெய் காயும். ஈரத்துணி காய்கிற மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. ஆக்சிஜனைக் குடித்துக் குடித்து இறுகும், இறுகும்போது சூடாகும். மரத்தின் மேல் மெல்லிசாக இருக்கும்போது ஒரு கெடுதலும் இல்லை. பனியன் வேஸ்ட்டை அதில் நனைத்துச் சுருட்டி மூலையில் திணித்தால் சில மணி நேரத்தில் தீ மூளலாம். எல்லோரும் படுத்த பிறகு, 14.2 கிலோ சிலிண்டருக்குப் பக்கத்தில்.

பெரியவர் மிரட்டுகிறார் என்று நினைக்காதே. 1991 பிப்ரவரி 23, சனிக்கிழமை இரவு. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடம். 22ஆம் மாடியில் சுவர்ப் பலகைகளுக்கு மெருகேற்றியவர்கள், லின்சீட் ஆயில் துடைத்த துணிகளைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தத் துணியில் மூண்ட தீ 19 மணி நேரம் எரிந்தது. தீயணைக்கப் போன மூன்று பேர் திரும்பி வரவில்லை. பலகை வேலை நன்றாகத்தான் நடந்திருக்கும். வேலை முடிந்த பிறகு இருக்கிற வேலையைத்தான் விட்டுவிட்டார்கள்.

துடைத்த துணியை உடனே வெளியே கொண்டுபோ. ஒன்றன்மேல் ஒன்று படாமல் சிமெண்டுத் தரையில் விரித்து, பறக்காமல் கல் வை. அப்பளம் மாதிரி விறைத்த பிறகுதான் அது குப்பை. மழையாக இருந்தால் மூடியுள்ள தகர டின்னில் தண்ணீர் ஊற்றி முக்கி வை. கை கழுவுவதற்கு முன்னால், டீ குடிப்பதற்கு முன்னால், இதைச் செய். மிஞ்சிய டர்பன்டைனைச் சாக்கடையிலோ முருங்கைக்கு அடியிலோ கொட்டாதே. சுரங்கத்துக்காக நிலத்தடி நீரை ராப்பகலாக இறைக்கும் ஊர் இது. மண்ணில் விட்டது தண்ணீருக்குப் போகும் என்று நமக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டாம்.

அடிக்கும்போது சிலிண்டர் அந்த அறையில் இருக்கவே கூடாது. ரெகுலேட்டரை மூடினேன் என்பது பதிலாகாது. கழற்றி வெளியே வை. சாமி விளக்கையும் அன்றைக்கு அங்கே ஏற்ற வேண்டாம். தின்னர், டர்பன்டைன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போகும். தரையில் தவழ்கிற இன்னொன்றும் உன் வீட்டில் இருக்கிறது, பத்து மாதக் குழந்தை. மருமகளையும் குழந்தையையும் நான்கு நாள் மந்தாரக்குப்பத்தில் அவள் அம்மா வீட்டில் விட்டுவிட்டு வா. உப்புத்தாள் தேய்க்க ஒரு பையனைக் கூப்பிட்டிருக்கிறாயே, அவனுக்கு மாஸ்க் வாங்கிக் கொடுத்தாயா? கடின மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையே பட்டியலிட்டிருக்கிறது. அவன் மூச்சும் உன் பிள்ளையின் மூச்சும் ஒன்றுதான். அந்த மாஸ்க் தூளைத்தான் தடுக்கும், ஆவியைத் தடுக்காது; ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும்.

இனி பலகை. பண்ருட்டிப் பலா என்று சொன்னாய். 2011 டிசம்பர் 30ஆம் தேதி 'தானே' புயல் அந்தப் பக்கத்தில் சாய்த்த பலாவுக்கும் முந்திரிக்கும் கணக்கில்லை. தாத்தா வைத்துப் பேரன் பழம் பறிக்கிற மரம் அது. அதன் பலகையை அவசரத்தில் பாழாக்குவது பாவம் என்றே நான் நினைக்கிறேன். பலா, புதிதில் மஞ்சளாக இருந்தாலும் வெளிச்சம் பட்டுப் பட்டுத் தானாகவே பழுப்பேறும். இன்றைக்கு உனக்குப் பிடித்த நிறம் வரும்வரை அடித்தால் இரண்டு வருஷத்தில் அடுக்களை இருட்டடிக்கும். ஒரு படி வெளிறியே நிறுத்து. முதலில் மிச்சப் பலகையில் அடித்து, பகலிலும் பார், ராத்திரி ட்யூப்லைட்டிலும் பார். 120, பிறகு 180, பிறகு 220 உப்புத்தாள், ரேகை ஓடும் போக்கிலேயே. குறுக்கே இழுத்த கீறல் இப்போது தெரியாது. ஸ்டெயின் பட்டதும் கறுப்புக் கோடாக எழுந்து நிற்கும். ஃபெவிகால் வழிந்த இடத்தைச் சுரண்டாவிட்டால் அங்கே நிறம் பிடிக்காது. அறுத்த முனை அதிகம் குடிக்கும், அங்கே இன்னும் நன்றாகத் தேய். தடவி, சில நிமிஷம் விட்டு, மேலே நிற்பதை முழுக்கத் துடைத்து எடு. விரலில் ஒட்டுகிறதா, காத்திரு. ஐப்பசி மழையில் இன்னும் ஒரு நாள் கூடுதலாகக் காத்திரு. அரிசி, பருப்பு வைக்கிற உள்தட்டுகளுக்கு ஸ்டெயினே வேண்டாம். வெளிப்புறமும் வாசனை முழுக்கப் போன பிறகுதான் உள்ளே சாமான் ஏற வேண்டும்.

ஒன்று மட்டும் கடுமையாகவே சொல்கிறேன். மேல் வரிசைக்கு வேப்பம்பலகை போட்டு, தேக்கு நிறம் கொடுத்து, "வர்றவங்க தேக்குன்னு நினைச்சுக்குவாங்க" என்றாய். வேண்டாம். நீ மாற்றலாகிப் போகும்போது அந்த அலமாரியை அடுத்து வருகிறவனுக்கு விலை பேசி விடுவாய், அவன் தேக்கு என்று நம்பிப் பணம் எண்ணுவான். வேம்புக்கு வேம்பின் நிறமே போதும்; பூச்சி சுலபத்தில் அண்டாத நல்ல மரம், வெட்கப்பட என்ன இருக்கிறது?

நேற்று நான் வெளியே போட்ட துணிகள் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. விரித்துத்தான் போட்டேன், ஆனாலும் ராத்திரிக் காற்றில் சுருண்டிருக்கலாம். இதை மடித்து வைத்துவிட்டு முதலில் அதைப் போய்ப் பார். பத்து மணிக்கு நான் தகர டின்னும் 220 உப்புத்தாளும் எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரை டப்பா மூடியே இருக்கட்டும்.